எடைக்குப் போட்டது

அந்தக் கல்லூரியின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். ஓவியமும் சிற்பமும் சொல்லித்தரும் இடம். வேறொரு வேலையாகப் போயிருந்தேன். வராந்தாவின் கோடியில், யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன பழைய ஃபிளெக்ஸைப் போர்த்திக்கொண்டு ஏதோ நின்றிருந்தது. ஒரு முனையை விலக்கிப் பார்த்தேன். எச்சிங் பிரஸ். இரண்டு வார்ப்பிரும்புத் தூண்கள், அவற்றுக்கிடையே மேலும் கீழுமாக உருளைகள், நடுவே எஃகுப் படுக்கை, பக்கவாட்டில் நீண்ட கைகள் கொண்ட சக்கரம். படுக்கையின்மேல் யாரோ டிபன் பாக்ஸை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அங்கிருந்த உதவியாளரிடம் விசாரித்தேன். "ரூமை கம்ப்யூட்டர் லேப் ஆக்கிட்டாங்க சார். இதை மாடிக்குக் கொண்டுபோறதாத்தான் இருந்தாங்க. தூக்க எட்டுப் பேர் வேணும். எட்டுப் பேருக்கு எங்க போறது? அதான் இங்கயே நிக்குது" என்றார்.

அந்தப் பதிலில் குறையும் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரு கணக்கு மட்டும் இருந்தது. அந்தக் கணக்கு என்னோடு வீடுவரை வந்தது. அச்சுக்கலையின் வரலாறு முழுவதையும் இந்த 'எட்டுப் பேர் வேணும்' என்ற மூன்று சொற்களில் எழுதிவிடலாமோ என்று அன்றிலிருந்து தோன்றிக்கொண்டிருக்கிறது.

கவிஞனுக்கு ஒரு பேனா போதும். தைலவண்ண ஓவியனுக்கு ஒரு அறையும் வெளிச்சமும் போதும். அச்சோவியம் தீட்டுகிறவனுக்குப் பிரஸ் வேண்டும். செப்புத் தகட்டில் அவன் கீறிய கோட்டுக்குள் புகுந்த மையை ஈரக் காகிதம் உறிஞ்சியெடுக்க வேண்டுமானால் கையின் அழுத்தம் பற்றாது, இரும்பின் அழுத்தம் வேண்டும். அந்த இரும்பைத் தனியொருவன் வாங்குவது கடினம். வாங்கினால் வைக்க இடம் கிடையாது. வைத்தால் மேல்மாடித் தளம் தாங்காது. ஆகவே நாலு பேர் சேர்ந்து வாங்கினார்கள், அல்லது வாங்கி வைத்திருந்த ஒருவரிடம் நாற்பது பேர் போனார்கள். அச்சுக்கலைப் பட்டறைகள் இப்படித்தான் உருவாயின. அன்பினால் கூடியவர்களும் உண்டு, கொள்கையால் கூடியவர்களும் உண்டு. ஆனால் முதலில் கூட்டியது எந்திரத்தின் எடை.

1927இல் பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேய்ட்டர் தொடங்கிய பட்டறை இதற்கு நல்ல உதாரணம். ஹேய்ட்டர் வேதியியல் படித்தவர், பாரசீக வளைகுடாவில் எண்ணெய் நிறுவனமொன்றில் வேலை பார்த்துவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். பட்டறைக்குப் பின்னாளில் அமைந்த பெயர் 'அட்லியே 17'. அது தத்துவமல்ல, வீட்டு எண். பெயர்பெற்றவர்களும் பெயரற்றவர்களும் ஒரே மேசையில் தகடு துடைத்தார்கள். போர் வந்ததும் 1940இல் பட்டறை நியூயார்க்குக்குப் போனது, 1950இல் திரும்பி வந்தது.

அதே நியூயார்க்கில் 1940களின் இறுதியில் ராபர்ட் பிளாக்பர்ன் ஒரு பட்டறை திறந்தார். ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்களின் மகன், ஹார்லெமில் வளர்ந்தவர், பெருமந்தக் காலத்தில் அரசாங்கப் பணத்தில் நடந்த சமூகக் கலைக்கூடத்தில் கல்லச்சைப் பழகியவர். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி வாசல்கள் இருந்த நாட்டில் அவருடைய பட்டறைக்கு ஒரே வாசல்தான். கைதேர்ந்தவரும் நுழையலாம், நேற்றுத்தான் உளியைப் பிடித்தவரும் நுழையலாம். அடுத்தவர் படத்தை அச்சிட்டுக் கொடுத்ததில் சொந்தப் படத்துக்கு நேரமில்லாமல் போன மனிதர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஒருவர் இல்லாமல் எந்தப் பொதுப் பட்டறையும் நடந்ததில்லை.

இப்போது இந்தப் பட்டறைகளுக்கும் கலைக்கல்லூரிகளுக்கும் 'புதிய தொழில்நுட்பத்துக்கு மாறுங்கள்' என்று அறிவுரை சொல்லப்படுகிறது. சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அச்சுக்கலைக்கும் புதிய தொழில்நுட்பத்துக்கும் உள்ள உறவு அவர்கள் நினைப்பதைவிடப் பழையது, கொஞ்சம் கேலிக்கிடமானதும்கூட.

கல்லச்சை எடுத்துக்கொள்வோம். இன்று லித்தோ என்றால் பொறுமை, பாரம்பரியம், கைவண்ணம் என்று கண்களை மூடிக்கொள்கிறோம். அதைக் கண்டுபிடித்த அலாய்ஸ் செனஃபெல்டர் பவேரியாவில் நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர். தன் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சடிக்க வழி தேடினார். 1796இல் ஒருநாள் சலவைக்குப் போட்ட துணிகளுக்குக் கணக்கெழுத அம்மா கேட்டபோது, கையில் காகிதம் இல்லாமல், பக்கத்திலிருந்த சுண்ணாம்புக் கல்லில் மெழுகு மையால் எழுதினாராம். அவரே சொன்ன கதை. அந்தச் சலவைக் கணக்கிலிருந்து சில ஆண்டுகளில் கல்லச்சு பிறந்தது. கொழுப்புள்ள மையால் கல்லில் வரைந்து, கருவேலம் பிசினும் துளி அமிலமும் பூசி, கல்லை நனைத்து மையுருளையை ஓட்டினால் வரைந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும், நனைந்த இடம் தள்ளிவிடும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற சமையலறை அறிவுதான் அடிப்படை. அதன் நோக்கம் மலிவு, வேகம், பெருக்கம். இன்று கணினியைப் பற்றி என்னென்ன சொல்லப்படுகிறதோ அவை அனைத்தும் அன்று அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லப்பட்டன.

அந்தக் கல் இந்தியாவுக்கு வந்தபோது என்ன செய்தது? கல்கத்தாவில் காளிகாட் கோயில் வாசலில் பட்டுவா ஓவியர்கள் நாலே தூரிகை வீச்சில் தீட்டி, காசுக்கு விற்ற படங்களின் சந்தையைத் தின்றது. 1878இல் தொடங்கிய கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோ பளபளக்கும் வண்ணக் கல்லச்சுச் சாமிகளை விற்றது. 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் திறந்தார், எந்திரமும் தொழிலாளியும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். லட்சுமியும் சரஸ்வதியும் நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்து சேர்ந்த வழி அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காளிகாட் படம் மங்கி மறைந்தது. பிறகு ஆஃப்செட் வந்தது, கல்லச்சையும் தின்றது. தின்னப்பட்ட பிறகுதான் கல்லச்சுக்கு மரியாதை கிடைத்தது. காளிகாட் படமும் அருங்காட்சியகத்தில், அதைக் கொன்றதும் அதே அருங்காட்சியகத்தில். இரண்டுக்கும் ஒரே குளிர்சாதனம்.

தொழிற்சாலை வேண்டாமென்று வீசியதைக் கலைஞன் எடுத்துக்கொள்வான் என்பதே இந்தக் கலையின் எழுதாத விதி. புகைப்பட பிளாக் வந்து மரச்செதுக்குக்காரர்களின் பிழைப்பு போன பிறகு மரச்செதுக்கு கலையானது. ஈயஎழுத்து எடைக்குப் போன பிறகு ஈயஎழுத்துக்குக் காதலர்கள் கிடைத்தார்கள். அமெரிக்காவில் கலைஞர்களின் கல்லச்சு மறுபடி உயிர்பெற்ற கதையில் ஒரு தோட்டப் பாதை வருகிறது. நியூயார்க்குக்கு வெளியே லாங் ஐலண்டில் குடியிருந்த டாட்டியானா கிராஸ்மன், தன் வீட்டு முன்பாதையில் பாவியிருந்த கற்களில் சில பவேரியக் கல்லச்சுக் கற்கள் என்று கண்டார். யாரோ ஒரு அச்சகக்காரர் தேவையில்லையென்று கழித்தவையாக இருக்கலாம். அவற்றை அகழ்ந்தெடுத்து 1957இல் பதிப்பகம் தொடங்கினார். அங்கே கல்லை அச்சிட வந்தவர் அதே பிளாக்பர்ன். மிதித்து நடந்த கல்லிலிருந்துதான் அந்த மறுமலர்ச்சி கிளம்பியது. நம் ஊர்ப் பழைய அச்சகங்களின் லித்தோ கற்கள் எந்தெந்த வீட்டுப் படிக்கட்டில், எந்தெந்தத் துணி துவைக்கும் இடத்தில் கிடக்கின்றனவோ! சலவைக் கணக்கில் தொடங்கியது சலவைக் கல்லாக முடிவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

1960இல் ஜூன் வேன் என்ற ஓவியர் லாஸ் ஏஞ்சலஸில் 'டாமரிண்ட்' பட்டறையைத் தொடங்கினார். அந்தப் பெயர் நமக்குச் சிரிப்பை வரவழைக்கும். பட்டறை இருந்த தெருவின் பெயர் அது. ஆனால் சொல் நம் புளி. அரபு வணிகர்கள் 'இந்தியப் பேரீச்சை' என்று அழைத்த பண்டம் உலகைச் சுற்றி ஒரு கலிஃபோர்னியத் தெருவுக்குப் பெயராகி, அங்கிருந்து கல்லச்சின் தலைநகருக்குப் பெயராகிவிட்டது. 1970இல் பட்டறை நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்கு மாறியது. தேவகோட்டைக்காரரான ஆர். எம். பழனியப்பன் 1990களின் தொடக்கத்தில் அங்கே போய்ப் பயின்றார். புளி ஒரு சுற்றுச் சுற்றி ஊர் திரும்பியது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் வேன் எந்திரத்தைக் காப்பாற்ற முயலவில்லை என்பது கவனிக்க வேண்டியது. அவருக்குத் தெரிந்த ஆபத்து வேறு. கல்லைக் கையாளத் தெரிந்த அச்சர்கள் அருகிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பியப் பட்டறைகளில் அவர்கள் தொழில்நுணுக்கத்தை வெளியே விடாமல் பொத்தி வைத்திருந்தார்கள். அப்பனிடமிருந்து மகனுக்கு, குருவிடமிருந்து எடுபிடிக்கு என்று போய்க்கொண்டிருந்த அறிவு. அந்த ரகசியத்துக்கு நாம் கண்ணீர்விட வேண்டியதில்லை. ரகசியம் காத்தவர்கள் தங்களோடு அதைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில் டாமரிண்ட் ஆட்களைப் பயிற்றுவித்தது, ரசாயனத்தை ஆராய்ந்தது, 1971இல் தெரிந்ததையெல்லாம் தடித்த புத்தகமாகப் போட்டு யாரும் படித்துக்கொள்ளலாம் என்று வைத்தது. இன்னொன்றும் செய்தது: அச்சிட்டவரின் சின்னத்தையும் ஒவ்வொரு பிரதியின் ஓரத்திலும் மையில்லாமல் அழுத்திப் பதிப்பதை வழக்கமாக்கியது. ரவிவர்மாவின் படத்தை வண்ணவண்ணமாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்லில் புள்ளிபுள்ளியாக வரைந்தவர்கள் யார்? படத்தில் ரவிவர்மாவின் பெயர்தான் இருக்கிறது. லட்சுமி தெரிந்தாள், லட்சுமியைப் புள்ளிகளாக்கியவன் தெரியவில்லை.

நம் சென்னைக்கு வருவோம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி, இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி, பிறந்த நாளிலிருந்தே 'காலத்துக்கேற்ப மாறு' என்ற கட்டளையைக் கேட்டு வளர்ந்த நிறுவனம். ஹண்டருக்கு மரச்செதுக்கும் மட்பாண்டமும் வேண்டியிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் பொறுப்புக்கு வந்தார். 1898இல் அங்கே அறிமுகமான புதுத் தொழில்நுட்பம் எது தெரியுமா? அலுமினியப் பாத்திரம். ஓவியப் பள்ளியில் குண்டானும் சட்டியும் அடித்தார்கள். வியாபாரமாக அது வெற்றி, சில ஆண்டுகளில் தனியார் கைக்கு மாறியது. இன்று நம் சமையலறையில் அலுமினியம் இருக்கிறது, நம் கலை வரலாற்றில் அந்த அத்தியாயம் இல்லை. சாட்டர்டனைப் பழிக்க நான் வரவில்லை. தொழில் இல்லாத நாட்டில் தொழிலை உண்டாக்கப் பார்த்தவர். ஆனால் கலைப்பள்ளியில் எப்போதெல்லாம் காலத்துக்கேற்ற மாற்றம் என்று பேச்சு அடிபடுகிறதோ, அப்போதெல்லாம் எனக்கு அலுமினியக் குண்டான் ஞாபகம் வரும். அது வேகமாகச் சூடேறும். வேகமாக ஆறவும் செய்யும்.

மாற்றமே வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவரை அமிலத் தொட்டியின் பக்கத்தில் அரைநாள் நிறுத்திவைக்க வேண்டும். தகட்டை நைட்ரிக் அமிலம் தின்னும்போது எழும் பழுப்புப் புகையைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் சுவாசித்தார்கள். ஜன்னல் திறந்திருந்தால் அதுதான் பாதுகாப்பு ஏற்பாடு. மை துடைக்க மண்ணெண்ணெய், கை துடைக்கவும் அதே மண்ணெண்ணெய். இப்போது பல பட்டறைகள் அமிலத்தை விட்டு ஃபெரிக் குளோரைடுக்கு வந்துவிட்டன. அது புகைவதில்லை. மையைத் தாவர எண்ணெயால் துடைக்கிறார்கள். ஒளிபட்டு இறுகும் பாலிமர் தகடு வந்திருக்கிறது, தண்ணீரில் கழுவினாலே படம் எழும். ஸ்கிரீன் பிரிண்டுக்கு இருட்டறையில் ஃபிலிம் கழுவிய காலம் போய், கணினியிலிருந்து நேரே கண்ணாடித்தாளில் அச்செடுத்து வைக்கிறார்கள். மரப்பலகையை லேசர் செதுக்குகிறது. இவற்றில் எதையும் நான் குறைசொல்ல மாட்டேன். தோள்வலி மிச்சம் என்பது அற்ப லாபமல்ல. சக்கரத்தைச் சுற்ற வலுவில்லாதவர், கர்ப்பிணி, முதியவர் என்று பழைய பட்டறை வாசலோடு நிறுத்திவைத்த பலரை இந்த மாற்றங்கள் உள்ளே அழைத்தன. பாரத்துக்குக் கூட்டும் குணம் இருந்தது என்றேன். விலக்கும் குணமும் அதற்கு இருந்தது.

ஆனால் கேட்டலாக் பார்த்து வாங்கிய எதுவும் கடந்த நூறாண்டில் இந்தக் கலையை அடியோடு புரட்டியதாகத் தெரியவில்லை. புரட்டியது ஒரு கரண்டி எண்ணெய். சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் 1925இல் பிறந்த கிருஷ்ணா ரெட்டி, சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்துவிட்டு, 1947 முதல் இரண்டாண்டு சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். பிறகு லண்டன், பாரிஸ், ஹேய்ட்டரின் பட்டறை. அதுவரை வண்ண எச்சிங் என்றால் பெரும்பாலும் வண்ணத்துக்கு ஒரு தகடு. காகிதம் நாலைந்து முறை பிரஸ்ஸுக்குள் போய்வர வேண்டும், ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். பம்பாய்க்காரரான கைக்கோ மோத்தியும் ரெட்டியும் அந்தப் பட்டறையில் வேறு வழி கண்டார்கள். எண்ணெய் கூடிய மைமேல் எண்ணெய் குறைந்த மை ஒட்டாது. ஆகவே தகட்டைச் சிற்பம்போல மேடும் பள்ளமுமாகக் குடைந்து, மைகளில் ஆளிவிதை எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் கலந்து, கடினமான உருளையால் மேட்டுக்கு ஒரு நிறம், மென்மையான உருளையால் பள்ளத்துக்கு ஒரு நிறம் என்று ஓட்டினால், ஒரே தகட்டில், ஒரே அழுத்தத்தில் அத்தனை வண்ணமும் விழும். செலவு என்ன? எண்ணெய். தோசைமாவின் பதம் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இந்தக் கண்டுபிடிப்பின் நுட்பம் புரியும். ரெட்டி அதைக் காப்புரிமை எடுத்துப் பூட்டி வைக்கவில்லை. பாரிஸிலும் பிறகு நியூயார்க்கிலும் கேட்டவர்க்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். 2018இல் அவர் இறந்தபோது அந்த வித்தை எத்தனை நாட்டுக் கைகளில் இருந்தது என்று எண்ணிச் சொல்ல முடியாது.

அது ஏன் ஒரு பட்டறையில் நிகழ்ந்தது, தனியறையில் நிகழவில்லை? ஒருவர் கலந்துவைத்த மையை இன்னொருவர் எடுத்துத் தப்பாக ஓட்டியிருப்பார். மூன்றாமவர் எட்டிப் பார்த்து 'இதென்ன?' என்று கேட்டிருப்பார். தப்பு பொதுவிடத்தில் நடந்தால்தான் அது பாடமாகும், வீட்டுக்குள் நடந்தால் குப்பைக்கூடைக்குப் போகும். 1963இல் ஓவியர் ராபர்ட் ரவுஷன்பர்க் கிராஸ்மனின் பட்டறையில் ஒரு கல்லில் படம் வரைந்தார், அச்சிடும்போது கல் உடைந்தது. இன்னொரு கல், அதுவும் உடைந்தது. உடைந்த கல்லையே ஒட்டவைத்து, விரிசல் வெள்ளைக் கோடாக ஓட, சில்லுகள் கீழே சிதறிக் கிடக்க, அச்சிட்டார். 'விபத்து' என்று பெயர் வைத்தார். அந்த ஆண்டு லுப்லியானா அச்சுக்கலை பியனாலேயின் பெரும்பரிசு அதற்குத்தான். கணினியிலும் கோப்பு உடைவதுண்டு. திறக்காது, அவ்வளவுதான். அதற்கு எந்த நடுவரும் பரிசு தரமாட்டார்.

அழிப்பது என்ற செயலையும் யோசித்துப் பார்க்கலாம். திரையில் இரண்டு விசையை அழுத்தினால் போட்ட கோடு போடாததாகிவிடும். கல்லில் போட்ட கோட்டை அழிக்க வேண்டுமானால் கல்லையே அரைக்க வேண்டும். கற்பொடியும் தண்ணீரும் தூவி, ஒரு கல்லின்மேல் இன்னொரு கல்லைக் கவிழ்த்து, மணிக்கணக்கில் சுழற்றிச் சுழற்றித் தேய்க்க வேண்டும். மாவாட்டிய பாட்டிகளுக்குத் தெரிந்த வேலை. சரியாக அரைக்காவிட்டால் முன்பு வரைந்தவரின் படம் புதுப் படத்தினூடே ஆவிபோல் எட்டிப் பார்க்கும். அரைத்துக்கொண்டே மாணவன் தன் தப்பை நினைத்துப் பார்க்க நேரம் கிடைக்கிறது. அடுத்த முறை கோடு போடும்முன் கை ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணத்தைத்தான் கலைக்கல்வி என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். பாடத்திட்டத்தில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

எண்ணிக்கை விஷயமும் உண்டு. செம்பில் ஊசியால் நேரடியாகக் கீறினால் கோட்டின் விளிம்பில் பிசிறு எழும். அது பிடித்துக்கொள்ளும் மைதான் கோட்டுக்கு வெல்வெட் மென்மையைத் தரும். சில பத்துப் பிரதிகளுக்குள் அந்தப் பிசிறு நசுங்கிவிடும். பிரதிகளுக்கு வரம்பு போட்டது செம்பின் களைப்பு. இங்க்ஜெட் களைப்பதில்லை. ஐம்பதாவது பிரதியும் ஐயாயிரமாவது பிரதியும் ஒன்றுதான். இருந்தும் கீழே பென்சிலால் '12/50' என்று எழுதுகிறோம். ஒருகாலத்தில் அந்த எண் உலோகத்தின் வாக்குமூலமாக இருந்தது, இப்போது அது ஓவியரின் சத்தியம். சத்தியத்தை நம்பக்கூடாது என்றில்லை. எதை நம்புகிறோம் என்று தெரிந்திருந்தால் நல்லது.

இங்க்ஜெட்டும் அந்த எழுதாத விதிக்குத் தப்பவில்லை. ஐரிஸ் என்ற எந்திரம் அச்சகங்கள் வண்ணம் சரிபார்க்கப் பயன்படுத்திய முன்மாதிரிக் கருவி. பாடகர் கிரஹாம் நாஷ் 1990ஐ ஒட்டி 1,26,000 டாலர் கொடுத்து ஒன்றை வாங்கி, அதில் தம் புகைப்படங்களைக் கலையச்சாக எடுத்தார். 'கம்ப்யூட்டர் பிரிண்ட்' என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? அவரிடம் அச்சராக இருந்த ஜாக் டுகேன் 1991இல் 'ஷீக்ளே' என்று ஒரு பிரெஞ்சுச் சொல்லைச் சூட்டினார். பீய்ச்சியடித்தது என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்த காரணத்தைக் குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் எழுத முடியாது. பெயர் மாறியதும் விலையும் மாறியது. 2005இல் அந்த எந்திரம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. கல்லச்சு நூற்றாண்டுக்குமேல் உழைத்துவிட்டு அருங்காட்சியகம் போனது. இதற்குப் பதினைந்து வருடம் போதுமாக இருந்தது.

இப்போது உலகெங்கும் இளம் ஓவியர்கள் தேடி வாங்கும் எந்திரம் எது தெரியுமா? ரிசோகிராஃப். ஜப்பானின் ரிசோ நிறுவனம் பள்ளிக்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் வினாத்தாளும் சுற்றறிக்கையும் மலிவாக எடுக்கச் செய்து விற்றது. நம் சைக்ளோஸ்டைலுக்கும் இலங்கைத் தமிழர் 'ரோனியோ' என்கிற பொறிக்கும் பேரன் முறை. ஒரு ஓட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ நிறம். நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. அந்தச் சரியின்மைக்காகவே வாங்குகிறார்கள். பிசகாத எந்திரம் மேசைமேல் இருக்கும்போது பிசகுகிற எந்திரத்தைக் காசு கொடுத்துத் தேடும் தலைமுறையைப் பழமைவாதிகள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களிடம் போய்ப் பாருங்கள், அந்த எந்திரத்தையும் நாலைந்து பேர் சேர்ந்துதான் வைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் எனக்கு மிஞ்சுவது இதுதான். பட்டறை புதுக் கருவியை வாங்கலாமா கூடாதா என்பது சின்னக் கேள்வி. வாங்கிக்கொள்ளட்டும், இல்லாவிட்டாலும் இருபது வருடம் கழித்து யாராவது தூக்கிப்போடும்போது எடுத்துக்கொள்ளும். பெரிய கேள்வி, அந்தக் கருவி ஆட்களை ஒரே அறைக்கு வரச்சொல்கிறதா, அவரவர் வீட்டுக்குப் போகச்சொல்கிறதா என்பது. மடிக்கணினி வந்தபின் மாணவன் தன் வேலையை விடுதி அறையிலேயே முடித்துவிடுகிறான். இப்போது ஒரு வாக்கியத்தைத் தட்டினால் படமே வந்துவிடுகிறது. அது நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அதற்கு ஈரக் காகிதத்தின் மறுமுனையைப் பிடித்துத் தர யாரும் வேண்டியதில்லை. ஒத்தாசை தேவைப்படாத இடத்தில் ஒத்தாசை செய்யும் பழக்கம் எவ்வளவு நாள் தங்கும்?

பிளாக்பர்னின் பட்டறை 2001இல் மூடப்பட்டது. 2003இல் அவர் காலமானார். 2005இல் ஒரு கலை அறக்கட்டளை அதை வேறிடத்தில், அவர் பெயரிலேயே மறுபடி திறந்தது. திறந்தவர்கள் நினைவுச்சின்னம் வைத்துவிட்டுப் போயிருக்கலாம், அது மலிவு. பிரஸ்ஸும் கல்லும் வைத்து ஆட்களை உள்ளே விட்டார்கள். பட்டறை இப்போதும் நடக்கிறது. பாரமானதை வைத்திருக்க இடமும் வாடகையும் பிடிவாதமும் வேண்டும். மூன்றையும் கொடுக்க அங்கே சிலர் இருந்தார்கள்.

சில வருடம் கழித்து அந்தக் கல்லூரிக்கு மறுபடி போக நேர்ந்தது. அறிவிப்புப் பலகையில் ஏலப் பட்டியல் ஒட்டியிருந்தது. கண்டம் செய்யப்பட்ட பொருட்கள். முதல் வரியில் கணினிகள், முப்பதுக்கும் மேல். லேப் திறந்தபோது வாங்கியவை. அவற்றில் புது மென்பொருள் ஓடவில்லையாம். அடுத்து மின்விசிறி, நாற்காலி. கடைசி வரியில் 'பழைய இரும்பு எந்திரம் - 1'. பெயர்கூடப் போடவில்லை. எதிரே விலை இல்லை, 'எடைப்படி' என்றிருந்தது.

அன்றைக்குத்தான் ஏலம் எடுத்தவர் லாரியோடு வந்திருந்தார். கணினிகளை இருவர் கைமாற்றி ஏற்றிவிட்டார்கள். பிரஸ்ஸுக்கு அது போதவில்லை. ஆளனுப்பி, டீக்கடையிலிருந்து இருவர், ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து மூவர், வாட்ச்மேன் என்று திரட்டினார்கள். எண்ணிப் பார்த்தேன், எட்டுப் பேர். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். 'அண்ணே, அந்தப் பக்கம் பிடிங்க', 'தம்பி, காலைப் பார்த்துக்க' என்று பேச ஆரம்பித்தார்கள். உதவியாளர் ஃபிளெக்ஸை உருவி மடித்து வைத்துக்கொண்டார்.

தூக்குவதற்கு முன்னால் ஆட்டோக்காரர் ஒருவர் சக்கரத்தின் கையைப் பிடித்துச் சும்மா ஒருமுறை இழுத்துப் பார்த்தார். சுற்றியது. டிபன் பாக்ஸ் இருந்த படுக்கை, சத்தமில்லாமல், உருளைகளுக்கு நடுவே ஒரு முழம் நகர்ந்து நின்றது.